எதிரில் நிற்கும் மலைக்கு மூன்று கறவை நேரம்

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கொல்லிமலை சுற்றுலாத் தலம் அல்ல. அது அவர்களுடைய வானிலை அறிக்கை. கிழக்கே மலை முகட்டில் கறுத்த மேகம் இறங்கி நின்றால், களத்தில் காயும் நிலக்கடலையை அள்ளி மூட வேண்டும். முகடு துலக்கமாகத் தெரிந்தால் இன்னும் இரண்டு நாள் வெயில் உண்டு. சனிக்கிழமை காலையில் எங்கெங்கிருந்தோ வரும் கார்கள் இந்த ஊர்களைத் தாண்டி மலைக்குப் போகின்றன. வரப்பில் தட்டு அறுப்பவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்கிறார்கள்.

அப்படிக் குனிந்துகொண்ட குடும்பங்களில் ஒன்று, இந்தத் தை மாதக் கடைசியில் மலைக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தது. நாலு ஏக்கர் தோட்டம். அதில் பாதி குச்சிக்கிழங்கு, மீதியில் கடலையும் தீவனப்புல்லும். இரண்டு கறவை மாடு, ஒரு கிடாரி. கணவன், மனைவி, கணவனின் அம்மா, கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் மகள், எட்டாம் வகுப்புப் பையன்.

பேச்சை ஆரம்பித்தது மகள். விடுதியில் கூடப் படிக்கும் பெண்கள் லீவுக்கு எங்கெங்கே போனோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். வீட்டுக்கு வந்தவள் அம்மாவிடம் கேட்டாள்: "நீ கடைசியா எந்த ஊர்ல போய்த் தங்குன?"

அம்மா யோசித்துப் பார்த்தாள். இரண்டு பிரசவத்துக்கு நாமக்கல் ஆஸ்பத்திரி. அவளுடைய அப்பா இறந்தபோது மூன்று நாள் பிறந்த வீடு. அதோடு சரி. கல்யாணமாகி இருபது வருஷம்.

காரணம் மாடு. காலையில் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை, இரண்டு வேளையும் சொசைட்டிக்குப் பால். கல்யாணம், கருமாதி எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே போய் வரக்கூடிய தூரத்தில் நடந்தால்தான் அவள் போவாள். ஆம்பளைகள் பழனிக்கு நடந்து போவார்கள், லாரி ஏறிப் போவார்கள். மாட்டை விட்டுவிட்டுப் போக முடியாதவர்கள் வீட்டுப் பெண்கள்தான். கால்நடை வளர்ப்பைப் பற்றி எவ்வளவோ பேசுகிறார்கள். இந்த ஒன்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அவ்வளவு பெரிய கணக்கும் இல்லை. சனிக்கிழமை காலைப் பாலைக் கறந்து ஊற்றிவிட்டுக் கிளம்பி, ஞாயிறு இரவு திரும்பினால், தவறுவது மூன்று கறவை. அந்த மூன்றுக்கு ஒரு கை வேண்டும். அடுத்த தோட்டத்தில் இருக்கும் ஓரகத்தி, "நீங்க போயிட்டு வாங்கக்கா, நான் பாத்துக்கறேன். அடுத்த மாசம் நான் போறப்ப என் மாட்டை நீங்க பாருங்க" என்றாள். ஆனால் மாடு ஒத்துக்கொள்ள வேண்டுமே. புதுக் கை பட்டால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அடக்கிய பால் மடியில் நின்றால் மடிநோய்க்கு வழி. அதனால் நாலு நாளைக்கு முன்பிருந்தே ஓரகத்தி வந்து, முதலில் பக்கத்தில் நின்று, பிறகு மடி கழுவி, கடைசி இரண்டு நாள் அவளே கறந்தாள். மூன்று வேளைக் கலப்புத் தீவனத்தைத் தனித்தனிப் பையில் கட்டி மாட்டுக்கு ஒன்றாக மாட்டிவைத்தார்கள். தீவனப்புல்லை வெள்ளிக்கிழமை சாயங்காலமே அறுத்து, குவிக்காமல் நிழலில் பரப்பிப்போட்டார்கள். குவித்தால் உள்ளே சூடேறிக் கெட்டுப்போகும். பரப்பிக் கொஞ்சம் வாடிய புல்லை மாடு நன்றாகவே தின்னும். கன்று போடும் மாதத்தில் மாடு இருந்தால் மட்டும் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. அதை அடுத்தவர் தலையில் கட்டக் கூடாது.

மலைக்கு அடிவாரத்து ஊர் காரவள்ளி. அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிவைத்திருக்கிறார்கள். சொந்த வண்டியில் போகிறவர்கள் ஏறும்போது எந்தக் கியரில் ஏறினார்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி வழியில் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். வளைவில் மேலே ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும். ஓட்டிப் பழகாதவர்களுக்கு முள்ளுக்குறிச்சி வழியாக வரும் இன்னொரு பாதை இருக்கிறது, அதில் வளைவுகள் குறைவு. இந்தக் குடும்பம் போனது அரசுப் பேருந்தில். பையன் 30-வது வளைவு வரை எண்ணினான். அதற்குப் பிறகு எண்ணவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தான். காலையில் ஆறு இட்லி தின்றுவிட்டுப் பேருந்து ஏறியதன் பலன். வெறும் வயிற்றிலும் போகக் கூடாது, முட்டத் தின்றுவிட்டும் போகக் கூடாது.

ஏற ஏறக் கீழே வயல்கள் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தன. கணவன் தன் தோட்டத்தைத் தேடிக்கொண்டே வந்தார். மலையைக் கீழிருந்து பார்த்தே பழகிய மனிதர், மலையிலிருந்து தன் ஊரைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. சொசைட்டிக் கட்டடத்தின் வெள்ளைக் கூரை தெரிந்தது, தோட்டம் தெரியவில்லை.

மேலே போனதும் இது மற்ற மலை வாசஸ்தலங்கள் போல் இல்லை என்பது தெரிந்துவிடும். சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கும் விவசாய பூமி இது. பள்ளங்களில் ஊற்றுத் தண்ணீர் பாயும் நெல் வயல். சரிவுகளில் குச்சிக்கிழங்கு, சாமை, கடுகு. மேட்டில் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, அதன் நிழலில் காப்பிச் செடி, நடுநடுவே பலா, வாழை, அன்னாசி. ஊராட்சிகளின் பெயர்களே வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு என்று நாடுகளாக இருக்கும். இங்கே பரம்பரையாக வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தோடு சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்தது. செம்மேட்டில் குதிரை மேல் வல்வில் ஓரி சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலைக்குத் தலைவன். ஆடி 17, 18 தேதிகளில் அவனுக்கு அரசு விழா எடுக்கிறது. அமைதியாகச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிட வேண்டும், மலை தாங்காத கூட்டம்.

செம்மேட்டில் தங்குவதற்கு விடுதிகள் இருக்கின்றன. ஆனால் மகளுக்குக் கூடாரத்தில்தான் தங்க வேண்டும். மிளகுத் தோட்டக்காரர்கள் சிலர் வார இறுதியில் தோட்டத்துக்குள் கூடாரம் போட்டுக் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு தோட்டத்தில் இடம் கிடைத்தது. பாட்டி கூடாரத்தை ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கோழிக் கூடாட்டம் இருக்குது, நான் வரமாட்டேன்" என்று சொல்லித் தோட்டக்காரர் வீட்டுத் திண்ணையில் பையை வைத்துவிட்டார்.

கூடாரம் போடும் இடத்தை விவசாயிகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்து, ஓடாத மேட்டில், தலை உயர்ந்த பக்கமாகப் படுக்கும்படி போட வேண்டும். மேலே காய்ந்த கிளை தொங்கக் கூடாது. தை முதல் வைகாசி வரை சில்வர் ஓக் சருகு மெத்தை போலக் கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும், ஒரு சரிவே எரிந்துபோகும். தீ மூட்டிக் குளிர் காய்வது படத்தில் அழகாக இருக்கலாம். தோட்டக்காரர் ஒப்புக்கொள்ளாவிட்டால் வற்புறுத்தக் கூடாது. இவர் ஒப்புக்கொள்ளவில்லை. அடுப்படியிலேயே உட்காரச் சொன்னார்.

சாயங்காலம் முழுக்கக் கணவர் அந்தத் தோட்டக்காரரை விடவில்லை. மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்தது. ஒற்றை மூங்கிலில் கணுவை மிதிபடியாக விட்டுச் செய்த ஏணியில், இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு ஆட்கள் முப்பது அடிக்கு ஏறினார்கள். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்தால் அந்தச் சரத்தையே பறித்துவிடலாம். பறித்து உதிர்த்த பச்சை மிளகைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து வெயிலில் போட்டால் ஒரே கறுப்பாக, பளபளப்பாகக் காயும். 100 கிலோ பச்சை மிளகு காய்ந்து சுமார் 33 கிலோ ஆகும். நட்ட மூன்றாவது, நான்காவது வருஷத்திலிருந்து காய்ப்பு. கேட்டவர் மனதில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க தோட்டத்துல பத்துத் தென்னை நிக்குதுங்க. அதுல ஏத்துனா வருங்களா?"

"வருமுங்க. நிழலும் ஈரமும் இருக்கோணும். தண்ணி தேங்கக் கூடாது. வெறும் வெயில்ல வெச்சீங்கன்னா இலை வெந்துரும்."

சமவெளியில் தென்னந்தோப்பிலும் பாக்குத் தோப்பிலும் மிளகு எடுப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் மலையிலிருந்து இறங்கும்போது சாலையோரத்தில் விற்கும் மிளகு நாற்றை ஆசையில் வாங்கிப் போகக் கூடாது. வேரில் வாடல் நோய்ப் பூசணத்தோடு வரும் ஒரு நாற்று, நல்ல கொடிகளையும் கொண்டுபோய்விடும். அரசுத் தோட்டக்கலைப் பண்ணையில் வாங்குவதே சரி. முதலில் பத்து மரத்தில் ஏற்றி இரண்டு கோடையைத் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பெருக்கலாம்.

இரவு நல்ல குளிர். மலை என்று தெரிந்தும் தை மாதத்தில் கம்பளி எடுக்காமல் வருகிறவர்கள் ஒவ்வொரு வாரமும் உண்டு. இவர்களும் இரண்டு போர்வையோடுதான் வந்திருந்தார்கள். தோட்டக்காரர் மனைவி சாக்கும் ஜமக்காளமும் கொடுத்தார். மனைவிக்கு நாலரைக்கு விழிப்பு வந்துவிட்டது. கறவை நேரம். கூடாரத்தை விட்டு வெளியே வந்து நின்றாள். எங்கும் பனி. கறக்க மாடு இல்லை, கூட்ட வாசல் இல்லை. சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, மறுபடி உள்ளே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள். ஏழு மணிக்கு மகள்தான் எழுப்பினாள். எழுந்ததும் முதல் வேலையாக ஓரகத்திக்குப் போன். செவலை அரை லிட்டர் குறைத்திருந்தது. மற்றது வழக்கம் போல.

ஞாயிற்றுக்கிழமை அறப்பளீஸ்வரர் கோயில். தேவாரத்தில் அறப்பள்ளி என்று பெயர் வரும் பழைய தலம். கோயிலை ஒட்டி ஓடுவது ஐயாறு. அதில் இருக்கும் மீன்களைச் சாமியாகக் கும்பிடுகிறார்கள், பொரி போடுகிறார்கள், பிடிப்பதில்லை. அதே ஆறு கொஞ்ச தூரத்தில் சுமார் 300 அடி ஆழத்துக்கு விழுவதுதான் ஆகாய கங்கை. விழுந்த தண்ணீர் அந்தப் பக்கம் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் போய் இறங்குகிறது.

அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது ஒன்றும் தெரியாது. ஏறும்போதுதான் முழங்காலும் மூச்சும் பேசும். முட்டி வலி, நெஞ்சு வலி, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் கோயிலோடு நின்றுகொள்வதில் குறைவொன்றும் இல்லை. அவர்களுக்கு மாசிலா அருவி இருக்கிறது, அங்கே படிகள் கொஞ்சம்தான். மழைக் காலத்தில் தண்ணீர் அதிகமானால் ஆகாய கங்கையை மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் காவலரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கக் கூடாது. மேலே எங்கோ பெய்த மழை இங்கே வெயிலடிக்கும்போதே வந்து சேரும். தை மாதத்தில் தண்ணீர் அளவாக விழும், குடும்பத்தோடு குளிக்க அதுவே தோதான காலம். கையில் தின்பண்டப் பை இருந்தால் குரங்கு விடாது. பையனிடமிருந்து ஒரு முறுக்குப் பொட்டலம் போனது.

பாட்டி இறங்கவில்லை. கோயில் வாசலில், கிழங்கும் சாமையும் வைத்து விற்றுக்கொண்டிருந்த ஒரு மலைக்காரப் பெண்ணோடு உட்கார்ந்துவிட்டார். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. மற்றவர்கள் அருவிக்குப் போய்த் திரும்பிய மூன்று மணி நேரத்தில் இருவரும் பேசி முடித்தது பெரும்பாலும் சாமையைப் பற்றித்தான்.

பாட்டி சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர் வீட்டிலும் ராத்திரிக்குச் சாமைச் சோறுதான். கல்யாணமாகி வந்த வீட்டில் நெல்லும் சோளமும். பிறகு ரேஷன் அரிசி. சாமையைக் கையால் தொட்டே ஐம்பது வருஷம் இருக்கும் என்றார். கூடையில் கையை விட்டு அள்ளி, ஊதிப் பார்த்து, "இது எந்தச் சாமைங்க?" என்று கேட்டார்.

"இது மல்லியச் சாமை. பெருஞ்சாமை, திரிகுலாச் சாமை, கட்டவெட்டிச் சாமை எல்லாம் இருந்துச்சு. இப்ப எல்லாரும் குச்சிக்கிழங்கு."

"அங்கேயும் அதேதான். நாங்களும் அதேதான் போட்டிருக்கோம்."

கீழே நாமக்கல், சேலம் மாவட்டங்களின் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் அதே கிழங்குதான் மலையையும் பிடித்துக்கொண்டது. மலைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. கிழங்குக்கு வண்டி தோட்டத்துக்கே வருகிறது, பணம் மொத்தமாகக் கையில் கிடைக்கிறது. சாமைக்கு உமி கெட்டி. உரலில் போட்டுக் குத்திப் புடைத்து எடுக்க வேண்டும். "ஒரு வேளைச் சோத்துக்கு ஒரு மணி நேரம் குத்தோணும். யாரு குத்தறது? பொம்பளைதான். அதான் விட்டோம்" என்றாள் அந்த அம்மா. பாரம்பரிய தானியம் அழிகிறதே என்று மேடையில் வருத்தப்படுகிறவர்கள் இந்தப் பதிலைக் கேட்க வேண்டும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களுக்காக வேலை செய்திருக்கிறது. உள்ளூர் ரகங்களைச் சேகரித்துப் பாதுகாத்ததோடு, கிராமங்களில் உமி நீக்கும் இயந்திரம் வைக்கவும், மகளிர் குழுக்கள் அரிசியாக்கி விற்கவும் உதவியது. உலக்கை போன பிறகுதான் சிலர் மறுபடி சாமை விதைத்தார்கள்.

சரிவு நிலத்துக்குச் சாமை எவ்வளவு பொருத்தம் என்பது விவசாயம் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். ஆனி, ஆடி மழையில் விதைத்தால் நெருக்கமாக முளைத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அறுக்கும்போது தாள்தான் வரும், வேர் மண்ணிலேயே நிற்கும். கிழங்கு அப்படியில்லை. பிடுங்கும்போது சரிவையே கிளறிவிட வேண்டும். அடுத்த மழையில் அந்த மேல்மண் பள்ளத்து வயலுக்கு இறங்கும். கிழங்கு போட்டே தீர வேண்டும் என்றால் சரிவுக்குக் குறுக்கே பாத்தி கட்டி, ஊடே அவரையோ உளுந்தோ விதைத்து, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது அந்த நிலத்துக்குச் சாமையை மாற்றிப் போடலாம். கணவர் இதைக் கேட்டுக்கொண்டு சரிவைப் பார்த்தார். அவருடைய நிலம் சமதளம்தான். ஆனாலும் ஒன்பது வருஷமாக ஒரே துண்டில் கிழங்கு.

பாட்டி நாலு கிலோ சாமை வாங்கினார். பேரம் பேசவில்லை. சந்தையில் கத்திரிக்காய்க்கு எட்டணா குறைக்கச் சொல்லிச் சண்டை போடுகிற பாட்டி பேரம் பேசாததைப் பார்த்துப் பேத்தி ஆச்சரியப்பட்டாள்.

கொல்லிமலையில் எல்லாச் சாலையோரத்திலும் முடவாட்டுக்கால் கிழங்கு விற்கிறார்கள். பாறையில் ஒட்டி வளரும் பெரணி இனம் அது, ரோமம் மூடி ஆட்டுக்கால் போலவே இருக்கும். சூப்பு வைத்துத் தருகிறார்கள், மிளகு தட்டிப்போட்டுக் குளிருக்குச் சுகமாக இருக்கும். மூட்டு வலிக்கு என்று சொல்லிக் கிலோக் கணக்கில் வாங்கிப் போகிறார்கள். பாறையிலிருந்து பெயர்த்து எடுத்தால் மறுபடி பிடித்து வளர வெகுகாலம் ஆகும். ஒரு குவளை சூப்பு குடித்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். மிளகு, காப்பிக் கொட்டை, சாமை, பலா என்று விளைவதை வாங்கலாம். சோளக்காட்டுச் சந்தையில் எல்லாம் கிடைக்கும். பலாவும் அன்னாசியும் வேண்டுமென்றால் கோடையில் வர வேண்டும், தை மாதம் அதற்குக் காலமல்ல.

சோளக்காட்டுக்குப் பக்கத்தில் சீக்குப்பாறை என்ற காட்சிமுனை. மாலை வெயிலில் கீழே சமவெளி முழுவதும் விரிந்து கிடந்தது. கணவர் அங்கும் தோட்டத்தைத் தேடினார். இந்தமுறை பையன் கண்டுபிடித்தான். சொசைட்டிக் கூரையிலிருந்து வலப்பக்கம், பனை வரிசை, அதற்கப்புறம் பச்சையாக ஒரு கட்டம். தீவனப்புல். மனைவி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனூண்டுதானா?" என்றாள்.

கடைசிப் பேருந்துக்கு முந்தின பேருந்தில் இறங்கினார்கள். பையன் இந்தமுறை எதுவும் தின்னாமல் ஏறினான், 70 வளைவையும் தலைகீழாக எண்ணி முடித்தான். வீட்டுக்கு வரும்போது எட்டரை. ஓரகத்தி பாலை ஊற்றிவிட்டுச் சீட்டைக் கம்பத்தில் செருகி வைத்திருந்தாள். மூன்று கறவையில் மொத்தம் ஒன்றேகால் லிட்டர் குறைவு. செவலை மனைவியின் சத்தம் கேட்டுக் கத்தியது. அவள் மடியைத் தொட்டுப் பார்த்தாள். கட்டி இல்லை, சூடு இல்லை.

திங்கட்கிழமை ராத்திரி வீட்டில் சாமைச் சோறு. ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்துப் பாட்டியே வடித்தார். ஓரகத்தி வீட்டுக்கும் ஒரு தூக்கில் போனது. தூக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் வாசலிலேயே நின்று கேட்டாள்:

"ஏக்கா, மாசி கடைசியில கிளம்புனா உங்களுக்குத் தோதுப்படுமா? என் கருப்பி புதுக் கைக்கு உதைக்கும். நீங்க ஒரு வாரம் முன்னாடியே வந்தரோணும்."

"நாளைக்கே வர்றேன்" என்றாள் அவள்.